தோட்டத்து வெயிலும் வெங்காயச் சருகுத் தோலும்: எதைப் பூசலாம், எதை விடலாம்?

முடக்குவாதம் எனக்கு வந்து 11 வருடம் ஆகிறது. இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், லிந்தாங் சாலைப் பக்கம். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். நானும் கல்யாணத்துக்கு முன்பு நான்கு வருடம் வெட்டியிருக்கிறேன். இப்போது வாரத்தில் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட், காலையில் கொஞ்சம் பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு, வலி மிஞ்சும் நாளில் நாப்ராக்ஸன். எல்லாம் மூட்டுக்காகச் சாப்பிடுகிறேன். ஆனால் பாடுபடுவது தோல்.

எங்கே இடித்துக்கொண்டேன் என்றே தெரியாது, முன்கையில் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டியிருக்கும். ஒரு தடவை, ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டிய பிளாஸ்டரை வீட்டுக்கு வந்து சட்டென்று இழுத்தேன். பிளாஸ்டரோடு தோலும் வந்துவிட்டது. ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டால் தோலைத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் குறைந்துபோகும், தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிடும். காயம் ஆறவும் நாளாகும். அதிலிருந்து பிளாஸ்டரைத் தண்ணீரில் நனைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உருட்டித்தான் எடுக்கிறேன்.

இத்தனை வருடத்தில் வாங்கிப் பூசிப் பார்த்ததும் தூக்கி எறிந்ததும் நிறைய. எந்தப் பொருளாக இருந்தாலும் நான் கேட்பது இரண்டே கேள்வி. என் மாத்திரைகளோடு இது ஒத்துப்போகுமா? காலை 6 மணிக்கு, விரல் மடங்காத நேரத்தில், இதை என்னால் திறக்க முடியுமா? விலை அதற்கு அப்புறம்தான்.

கிளினிக் கிரீமா, தேங்காய் எண்ணெயா, வாசலினா?

அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் மருந்தோடு, வறண்ட தோலுக்கான அக்குவஸ் கிரீமும் கிடைக்கும். காசு என்று பார்த்தால் இதை எதுவும் அடிக்க முடியாது. நானும் இரண்டு வருடம் அதைத்தான் கைகாலில் பூசிக்கொண்டு, ஏன் இன்னும் எரிகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பல அக்குவஸ் கிரீம்களில் சோடியம் லாரில் சல்பேட் இருக்கிறது. ஷாம்பு நுரைப்பதற்குச் சேர்க்கிற அதே சாமான். பூசி அப்படியே விட்டுவிட்டால் சிலருக்குத் தோல் எரியும், சிவக்கும். 2013-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, முக்கியமாகக் கரப்பான் (எக்ஸிமா) என்கிற தோல் நோய் உள்ள பிள்ளைகளுக்கு, இதைப் பற்றி எச்சரிக்கையே கொடுத்தது. அதற்காக நான் டப்பாவைக் குப்பையில் போடவில்லை. குளிக்கும்போது சோப்புக்குப் பதில் அதைத் தேய்த்துக் கழுவிவிடுகிறேன். அந்த வேலைக்கு அருமையான கிரீம்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் பிடிக்காது. "கண்ட கிரீமும் எதுக்குடி? ராத்திரி தேங்காய் எண்ணெய தேச்சிட்டுப் படு" என்பார். பெரியம்மா சொல்வதில் பாதி உண்மை. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் பூசி ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்று 2004-இல் பிலிப்பைன்ஸில் ஓர் ஆய்வு வந்தது. மீதிப் பாதி எங்கே உதைக்கிறது என்றால், ஒன்று நம் ஊர் வேர்வை. மார்புக்குக் கீழே, அக்குளில், தொடையிடுக்கில் எண்ணெயும் ஈரமும் சேர்ந்தால் படர்தாமரைக்குக் கொண்டாட்டம். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு அது சுலபத்தில் போகாது. இன்னொன்று சிமெண்டுத் தரை. பாதத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டீராய்டு எலும்பையும் மெலிய வைக்கும். நமக்கு ஒரு விழுகை என்பது வெறும் சிராய்ப்போடு முடியாது. நான் எண்ணெயைக் கெண்டைக்காலுக்கு மட்டும், கட்டிலில் உட்கார்ந்தபடி, கொஞ்சமாகத் தடவிக்கொள்கிறேன்.

ஈரத்தைப் பூட்டி வைப்பதில் வாசலின் மாதிரியான பெட்ரோலியம் ஜெல்லிதான் ராஜா. வாசனை கிடையாது, அலர்ஜி அபூர்வம், விலை மலிவு. குளித்துத் துடைத்து உடம்பு இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும். காய்ந்த தோலில் பூசினால் பூட்ட உள்ளே ஈரம் இருக்காது. பகலில் பிசுபிசுவென்று ஒட்டும், அதனால் ராத்திரிக்குத்தான். இதில் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. வாசலினும் ஒரு வகைப் பாரஃபின்தான், அது ஊறிய துணி நெருப்புப் பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. கையில் பூசிக்கொண்டு அதே நைட்டியோடு காலையில் சாமி விளக்கு ஏற்றுகிறவர்களும் கேஸ் அடுப்பில் தோசை சுடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

வெடித்த குதிகாலுக்கு மட்டும் 10 சதவீத யூரியா கிரீம். தடித்த தோலை இளக்குவதில் மற்ற மூன்றும் அதன் பக்கத்தில் நிற்காது. வெடிப்பு ஆழமாக இருந்தால் எரியும். அப்போது இரண்டு நாள் வாசலின் போட்டு ஆறவிட்டு, அப்புறம் யூரியா.

ஆக, நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. கழுவ ஒன்று, குதிகாலுக்கு ஒன்று, முழங்கைக்கும் கைக்கும் ராத்திரியில் ஒன்று. பகலில் கைக்கு வாசனை இல்லாத, பம்ப் வைத்த சாதாரண லோஷன். சோப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நுரைக்கும் கட்டிச் சோப்பும் கிருமிநாசினிச் சோப்பும் தோலைக் காய வைக்கும், ஈரக் கையில் வழுக்கியும் விழும். குனிந்து எடுப்பது யார்?

சன்ஸ்கிரீனா, முழுக்கைச் சட்டையா?

நான் அதிகம் யோசித்த போட்டி இதுதான். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்களின் தோல் வெயிலுக்குச் சீக்கிரம் சிவக்கும். முன்பு வெயில் சுட்ட இடம் மறுபடி எரிவதும் உண்டு. நாப்ராக்ஸன் இன்னும் மோசம், சிலருக்குப் புறங்கையில் வெயில் பட்ட இடத்தில் கொப்புளமே வரும். சல்ஃபாசலாசின் என்கிற இன்னொரு மூட்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வெயில் ஆகாது. பொதுவாக எல்லாரும் "நாம் கறுத்த தோல், நமக்கென்ன" என்கிறார்கள். கறுத்த தோலுக்குப் பாதுகாப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மாத்திரை செய்கிற வேலையை நிறம் தடுக்காது.

சன்ஸ்கிரீனில் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். எஸ்.பி.எஃப் 30 என்றால் தோலைச் சுடுகிற கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. வித்தியாசம் ஒரே சதவீதம். எவ்வளவு பூசுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்க வேண்டும், 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். கை இரண்டுக்கும் சேர்த்துப் பூசினால் சின்ன டியூப் ஒரு வாரம் தாங்காது. வீங்கிய கட்டைவிரலால் அந்த டியூபைப் பிதுக்குவது தனி வித்தை. ஸ்ப்ரே சுலபம் என்று வாங்கினேன். அதன் மூடியை அழுத்தவும் விரல்தான் வேண்டும், பாதி மருந்து மூக்குக்குள் போனது.

ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு போட்ட வகை தோலுக்கு இதமானது. ஆனால் நம் நிறத்தில் விபூதி பூசின மாதிரி வெள்ளையாக நிற்கும். இரும்பு ஆக்சைடு கலந்து நிறம் சேர்த்தது கிடைத்தால் அந்தக் குறை இல்லை. வெள்ளை தெரியாத ரசாயன வகை, வேர்வையோடு இறங்கிக் கண்ணை எரிக்கும்.

முழுக்கைச் சட்டை என்றதும் எனக்கு அம்மா ஞாபகம்தான். தோட்டத்தில் யாரும் சன்ஸ்கிரீனைக் கண்டதில்லை. முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் பூட்ஸ். அம்மா அதைப் போட்டது கொசுவுக்கும் பாலுக்கும்தான். விடியுமுன்னே நிரைக்கு (மர வரிசைக்கு)ப் போய், மர நிழலிலேயே வேலை முடிந்துவிடும். இன்றைக்கு என்னைச் சுடுகிற வெயில் தோட்டத்து வெயில்கூட இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வெயில். மதியத்தில் இந்த நாட்டில், வெயிலின் கடுமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு 30 கிலோமீட்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது கண்ணாடி காப்பாற்றும் என்றும் நினைக்கக் கூடாது. புற ஊதாக் கதிரில் இரண்டு வகை, சாதாரணக் கண்ணாடி யு.வி.பி.யைத்தான் தடுக்கும். யு.வி.ஏ. உள்ளே வரும், நாப்ராக்ஸன்காரர்களுக்கு எதிரி அதுதான்.

துணிக்குக் கூடுதலாக ஒரு லாபம், எந்தச் சன்ஸ்கிரீனும் தர முடியாதது: எங்கேயாவது இடித்துக்கொள்ளும்போது மெத்தை மாதிரி நிற்கும். கதவு நாதாங்கி, பூச்செடி முள், பேரப்பிள்ளையின் நகம் எல்லாம் முதலில் துணியில்தான் படும். முழுக்கைக்கு மாறிய பின் என் கையில் ரத்தக்கட்டு கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. நெருக்கமாக நெய்த, கொஞ்சம் அடர் நிறத் துணி நல்லது. மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்துவிட்டால் வெயிலை உள்ளே விடும். பொத்தான் வேண்டாம், கையில் எலாஸ்டிக் தொளதொளவென்று வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். மலாய்ப் பெண்கள் முன்கையில் மாட்டுகிற துணி உறையான ஹேண்ட்சாக், பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும், நானும் வைத்திருக்கிறேன். இறுக்கமானதை வாங்காதீர்கள், கழற்றும்போது தோலை இழுக்கும்.

எனக்கு ஜெயித்தது துணி. சன்ஸ்கிரீன் முகம், கழுத்து, புறங்கைக்கு மட்டும். இதனால் ஒரு டியூப் மாதக்கணக்கில் வருகிறது. மூட்டுக்காக ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடும் என் தோழிக்குக் கெண்டைக்காலில் சாம்பல் நீலத் திட்டு வந்தது. அது அந்த மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுகிற சிலருக்கு வரும் நிறமாற்றம், எந்தக் கிரீமாலும் தேய்த்து எடுக்க முடியாது. டாக்டரிடம் காட்டியிருக்கிறாள்.

வலிக்குத் தேய்ப்பது: ஜெல்லா, தைலமா?

இதில் எனக்குச் சூடு பட்ட கதை உண்டு. மணிக்கட்டு வலிக்கு ஒரு மருந்துக்கடையில் கீட்டோப்ரோஃபென் ஜெல் கொடுத்தார்கள், வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தடவிக்கொண்டு போய்த் துணி காயப்போட்டேன். சாயங்காலம் ஜெல் பட்ட இடம் மட்டும் அளவெடுத்த மாதிரி சிவந்து கொப்புளித்தது. அந்த ஜெல்லைப் பூசும் நாட்களிலும், நிறுத்திய பின் 2 வாரமும் அந்த இடத்தில் வெயில் படவே கூடாது என்பதை அப்புறம்தான் பெட்டிக்குள் இருந்த தாளில் படித்தேன். டைக்ளோஃபெனாக் ஜெல்லில் இந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் துணியால் மூடிக்கொள்கிறேன். இரண்டும் நாப்ராக்ஸனின் சொந்தக்காரர்கள்தான். மாத்திரையும் ஜெல்லும் சேர்த்துப் போடுவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தைலம் வீக்கத்தைக் குறைக்காது. மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் தோலைச் சில்லென்றும் சுளீரென்றும் ஆக்கி வலியை மறக்கடிக்கும். மெலிந்த தோலில் தேய்த்து மேலே சுடுதண்ணீர்ப் பை வைத்தால் வெந்துபோகும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தொடவே வேண்டாம், ரத்தம் இன்னும் இளகிவிடும். நான் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு பஸ்ஸில் முகர்கிறேன். தலைசுற்றும்போது எனக்கு இதமாக இருக்கும்.

பசார் மாலாமில் விற்கிற முகத்தை வெளுப்பாக்கும் கிரீமும் "மூன்றே நாளில் மூட்டுவலி போகும்" ஜாமு என்கிற நாட்டு மருந்தும் இந்தப் போட்டிக்கே தகுதியில்லை. அப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசமும் பீட்டாமெத்தசோனும், மூட்டுவலி மாத்திரைகளில் டெக்சாமெத்தசோனும் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு பல தடவை பிடித்து அறிவித்திருக்கிறது. ஏற்கெனவே ஸ்டீராய்டில் மெலிந்த தோலுக்குத் தெரியாமல் இன்னொரு ஸ்டீராய்டு. பதிவான மருந்தென்றால் பெட்டியில் மால் (MAL) என்று தொடங்கும் எண்ணும், ஹோலோகிராம் என்கிற மின்னும் ஒட்டியும் இருக்கும். மாதக்கணக்கில் அந்த ஜாமுவைச் சாப்பிட்டவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, டப்பாவோடு டாக்டரிடம் போவதே சரி. அதேபோல மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும்போது வாய்ப்புண், காய்ச்சல், புதிதாகத் தடிப்பு என்று வந்தால் கிரீம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

இனி மூடி. திருகு மூடி ஜாடியில் எவ்வளவு நல்ல கிரீம் இருந்தாலும் காலையில் எனக்கு அது பூட்டிய பெட்டி. டியூப் அதைவிடப் பரவாயில்லை, மேசைமேல் வைத்து முன்கையால் அழுத்தலாம். பம்ப் புட்டி எல்லாவற்றிலும் மேல், உள்ளங்கையாலோ முழங்கையாலோ அழுத்தினால் வந்துவிடும். பழைய பம்ப் புட்டியைக் கழுவிக் காயவைத்து லோஷனை அதில் மாற்றிக்கொள்கிறேன். கட்டியான வாசலின் பம்பில் ஏறாது. அதற்கு ராத்திரி படுக்கப் போகுமுன் பேரனைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து, மேலே ஒரு சாசரைக் கவிழ்த்து வைக்கச் சொல்வேன். "பாட்டி, எறும்பு வருமே" என்பான். இதுவரை வரவில்லை.