மேல் தாள் அம்மாவுக்கு, அடித்தாள் எனக்கு: இரட்டைப் பிரதி நோட்டில் ஓராண்டு

தாய்ப்பால் ஆலோசகராக 9 ஆண்டுகள் வேலை பார்த்தபோது என் குறிப்புகளை என்னைத் தவிர யாரும் படித்ததில்லை. எழுதுவேன், கோப்பில் செருகுவேன், அடுத்த முறை போகும் முன் ஒரு தடவை புரட்டுவேன், அவ்வளவுதான். கடந்த ஓராண்டாக நான் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும், நான் கிளம்புவதற்குள் அந்தத் தாய் படித்துவிடுகிறார். அதற்குக் காரணம் ஒரு சாதாரண நோட்டு.

கடைகளில் ரசீது எழுத வைத்திருப்பார்களே, அதே வகைதான். ஏ5 அளவு, 50 ஜோடித் தாள்கள். மேலே வெள்ளை, அடியில் மஞ்சள். கார்பன் வைக்கத் தேவையில்லை, அழுத்தி எழுதினால் அடித்தாளில் தானாகப் பதியும். வெள்ளைத் தாளின் ஓரத்தில் துளை வரிசை இருப்பதால் சுத்தமாகக் கிழிந்து வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் வரிசை எண் அச்சிட்டிருக்கிறது. இதை எந்த நிறுவனமும் ஆலோசகர்களுக்கென்று செய்து விற்கவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டைத் தேடிப் போனேன், இது கிடைத்தது.

அதற்கு முன் கைபேசிச் செயலி ஒன்றில் பதிவு செய்துகொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். அதில் தேடலாம், எடை வரைபடம் தானே வரும், எழுத்துப் புரியவில்லை என்ற பேச்சே கிடையாது. ஆனால் முக்கியமான இடங்களில் எல்லாம் கட்டங்கள். 'குழந்தை கவ்வுவது: நன்று, சுமார், மோசம்.' நான் 'சுமார்' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போவேன். நான்கு நாள் கழித்து அதே பதிவைத் திறந்தால், அந்த 'சுமார்' எனக்கே எதையும் சொல்லாது. வாய் அகலமாகத் திறக்கவில்லையா, கீழ் உதடு உள்ளே மடிந்திருந்ததா, கவ்வியபின் வழுக்கி விழுந்ததா? எனக்கே புரியாதது எனக்குப் பதிலாகப் போகும் இன்னொரு ஆலோசகருக்கு எப்படிப் புரியும்? அப்புறம், அழுதுகொண்டிருக்கும் ஒருவர் முன்னால் உட்கார்ந்து திரையைத் தட்டிக்கொண்டிருப்பது எனக்குக் கடைசி வரை பழகவில்லை.

சரி, நோட்டுக்கு வருகிறேன். முதல் நாள் நான் எழுதிய பக்கம் இது: 'பால் போதவில்லை. தாய் பதற்றமாக இருக்கிறார். குழந்தை சோம்பலாகக் குடிக்கிறது. அடிக்கடி கொடுக்கச் சொன்னேன்.' 9 ஆண்டுகளாக எழுதிவந்த மாதிரியேதான். வெள்ளைத் தாளைக் கிழித்து நீட்டினேன். அவர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "அப்ப எனக்குப் பாலே இல்லையா மேடம்?" என்று கேட்டார்.

நான் சொல்ல வந்தது அதுவே அல்ல. ஆனால் தாளில் இருந்தது அதுதான்.

உட்கார்ந்து விளக்கிவிட்டு வந்தேன். அன்று இரவு அடுத்த ஜோடித் தாளில் 'முந்தைய பக்கத்துக்கு மாற்றாக' என்று தலைப்பிட்டு, எழுதும் நேரத்தையும் குறித்து, நான் உண்மையில் கண்டதையும் கேட்டதையும் எழுதினேன். பிறந்து 5-ஆம் நாள். பிறந்த எடை 3.100 கிலோ, இன்று என் தராசில் ஆடையில்லாமல் 2.820. அதாவது 280 கிராம் குறைவு, 9 சதவீதம். கடந்த 24 மணி நேரத்தில் 6 முறை பால் கொடுத்ததாகத் தாய் சொன்னார். சிறுநீர் 3 முறை, மலம் ஒரு முறை, கரும்பச்சை நிறம். இடது மார்பில் 4 நிமிடம் குடித்ததைப் பார்த்தேன். முதல் 2 நிமிடம் விழுங்கும் சத்தம் கேட்டது, பிறகு கண் மூடிவிட்டது. மார்பைக் கையால் மெல்ல அழுத்தியதும் மறுபடி விழுங்கியது. தாய் சொன்னது: "ராத்திரி தூங்குற குழந்தையை எழுப்ப மனசு வரல." என் கணிப்பு: குழந்தை குடிக்கும் முறைகள் குறைவு, ஒவ்வொரு முறையும் உள்ளே போவதும் குறைவு. பால் சுரப்பு குறைவு என்று சொல்ல இன்று ஆதாரம் இல்லை.

கடைசி வரியை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. 'பால் போதவில்லை' என்று எழுதியபோது, குழந்தைக்குப் போதவில்லை என்ற ஒரு செய்தியை, தாயிடம் இல்லை என்ற தீர்ப்பாக மாற்றியிருந்தேன். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு. எழுப்பி, 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை கொடுப்பது, உறங்கப் போனால் மார்பை அழுத்துவது, மிச்சத்தைக் கறந்து கரண்டியில் புகட்டுவது, அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுவது என்று திட்டம் ஆனது. மருத்துவரிடம் அனுப்புவதை வாயால் முதல் தாளின்போதே சொல்லிவிட்டேன். ஆனால் அது தாளில் இல்லாமல் போனதை நினைத்தால் இன்னும் சங்கடமாக இருக்கிறது. 5-ஆம் நாளில் மலம் மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும், சிறுநீர் ஐந்தாறு முறையாவது இருக்க வேண்டும். இவ்வளவும் குறைவாக இருக்கிற குழந்தையை மருத்துவர் பார்க்காமல் விடக் கூடாது. 9-ஆம் நாள் 2.900, 14-ஆம் நாள் 3.080. அந்தத் தாள்கள் மூன்றையும் அவர் வரிசையாக வைத்துப் பார்த்ததாகச் சொன்னார்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1993-ல் கொண்டுவந்த 40 மணி நேரத் தாய்ப்பால் ஆலோசனைப் பயிற்சியில், கேட்கும் திறன்கள் என்று ஒரு பகுதி உண்டு. தீர்ப்புச் சொற்களைத் தவிருங்கள் என்பது அதில் ஒன்று. 'சரியாக', 'நன்றாக', 'போதுமா' போன்ற சொற்களைக் கேள்வியில் வைத்தாலே தாய்க்குத் தான் தேர்வு எழுதுவது போல ஆகிவிடும். வாயால் பேசும்போது நான் இதை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். பேனா எடுத்ததும் விட்டுவிட்டேன், ஏனென்றால் படிக்க யாரும் இல்லை. 'ஒத்துழைக்கவில்லை', 'சொன்னதைச் செய்யவில்லை' என்றெல்லாம் பழைய கோப்புகளில் என் கையெழுத்தில் இருக்கிறது. இந்த நோட்டில் அப்படி எழுதக் கை வராது. 'பம்பு வேண்டாம் என்றார், கையால் கறக்கிறேன் என்றார்' என்று எழுதினால் போதும். அது அவருடைய முடிவு என்பதும் பதிவாகிவிடுகிறது.

பக்கத்தை நான்காகப் பிரித்துக்கொள்கிறேன்: தாய் சொன்னது, நான் பார்த்தது, என் கணிப்பு, அடுத்து செய்வது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் வகுத்த பதிவு முறை இது. 1968-ல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த வழி மருத்துவ உலகம் முழுக்கப் பரவியது. முதல் இரண்டையும் கலக்காமல் இருப்பதுதான் இதில் கடினம். 'காம்பில் வலி' என்பது அவர் சொன்னது. 'வலி 10-க்கு 7, கவ்விய முதல் அரை நிமிடம் மட்டும்' என்று அவரையே கேட்டு எழுதினால் அடுத்த முறை ஒப்பிடலாம். 'குழந்தை விட்டதும் காம்பு ஒரு பக்கம் சரிந்து, உதட்டுச்சாய முனை போலத் தட்டையாக இருந்தது' என்பது நான் பார்த்தது. குழந்தை ஆழமாகக் கவ்வவில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஏ5 தாள் சின்னது. முதலில் குறையாகத் தெரிந்தது. பிறகு, வேண்டாத வரிகளை அதுவே வடிகட்டுகிறது என்று புரிந்தது. அடுத்து செய்வது என்ற பகுதியில் மூன்று வரிதான் கொள்ளும். பிள்ளை பெற்று ஐந்து நாள் ஆன, சரியாகத் தூங்காத ஒருவரால் மூன்றுக்கு மேல் எப்படிச் செய்ய முடியும்?

பால் கொடுப்பது எப்படிப் போகிறது என்று எடைபோட 1994-ல் வந்த லாட்ச் மதிப்பெண்ணையும் இதில் எழுதுகிறேன். கவ்வுதல், விழுங்கும் சத்தம், காம்பின் வகை, தாயின் வலி, குழந்தையைப் பிடிக்கத் தேவைப்படும் உதவி என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. கூட்டிய எண்ணை மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டேன். 7 என்றால் எந்த மூன்று போனது? வலியில் போயிருந்தால் ஒரு வழி, விழுங்கும் சத்தத்தில் போயிருந்தால் வேறு வழி. ஐந்தையும் தனித்தனியே எழுத ஒரு வரி போதும்.

நோய்ப்பெயர் எழுதுவது என் வேலை அல்ல என்பதிலும் இந்தத் தாள் என்னைக் கட்டிப்போட்டிருக்கிறது. 'மார்பழற்சி' என்று நான் எழுதி அவர் படித்தால், அது நோயறிதல் ஆகிவிடும். 'வலது மார்பு, கடிகாரத்தில் 2 மணி இருக்கும் இடம், சுமார் 4 செ.மீ. சிவப்பு, தொட்டால் சூடு, கெட்டி. காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ், மதியம் 2.10-க்கு அளந்தது. இன்றே மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். மாலை போவதாகச் சொன்னார்.' மருத்துவர் கையில் இந்தத் தாளைக் கொடுத்தால் அவருக்கும் வேலை எளிது. நாக்குக் கட்டு, அதாவது நாக்கின் அடிச்சவ்வு குட்டையாக இருந்து நாக்கை இழுத்துப் பிடிப்பது, அந்த விஷயத்திலும் அப்படியே. நாக்கு நுனி இதய வடிவில் இருந்ததா, அழும்போது கீழ் உதட்டைத் தாண்டியதா என்பதை எழுதுவேன். பெயர் வைப்பது மருத்துவர் பாடு. பார்த்தும் தென்படாததை எழுதவும் பழகியிருக்கிறேன்: 'காம்பில் வெடிப்பு இல்லை.' எழுதாவிட்டால், நான் பார்த்தேனா என்பதே அடுத்தவருக்குத் தெரியாது.

இப்போது குறைகள். பெரிய குறை ஒன்று உண்டு, அதை வாங்கும் முன் யாரும் எனக்குச் சொல்லவில்லை. எழுதும் ஜோடிக்கு அடியில் கெட்டி அட்டையைச் செருக வேண்டும். மறந்தால் அழுத்தம் அடுத்த ஜோடிக்கும் இறங்கும். இரண்டாம் மாதத்தில் ஒருநாள் மறந்தேன். மறுநாள் வேறொரு வீட்டில் நோட்டைத் திறந்தால், முந்தைய தாயின் வரிகள் அந்த மஞ்சள் தாளில் மங்கலாகத் தெரிந்தன. நல்லவேளையாக வெள்ளைத் தாளில் பதியவில்லை. ஆனாலும் அந்த ஜோடியைக் குறுக்கே கோடிட்டு, காரணத்தை எழுதி, கிழிக்காமல் விட்டேன். முதல் தாயிடம் நடந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து தாளில் பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும். எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் பூட்டிய அலமாரியில் தனியாக இருக்கிறது.

இன்னொன்று நோட்டின் குறை அல்ல, ஆனால் நோட்டால் வந்தது. வெள்ளைத் தாள் வீட்டில் மேசை மேல் கிடக்கும், வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். ஒரு தாய், முன்பு ஒரு கரு கலைந்ததைக் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாதாம். பேனாவை மூடிவிட்டு, "இதை எழுதலாமா?" என்று கேட்டேன். "எழுதுங்க, ஆனா இந்தத் தாளை நீங்களே வச்சுக்குங்க" என்றார். இரண்டு பிரதியும் என்னிடமே இருக்கின்றன. திட்டத்தை மட்டும் வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன். இப்போது எல்லோரிடமும் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுகிறேன்: குறிப்பு எழுதுவதற்குச் சம்மதமா, தாளை யாரெல்லாம் பார்க்கக்கூடும்.

சின்னக் குறைகள்: ஜெல் பேனா ஒத்துவராது, பால்பாயிண்ட் பேனாவை அழுத்த வேண்டும், நாளுக்கு நான்கு வீடு போனால் விரல் வலிக்கும். வெயில்படும் ஜன்னலோரம் வைத்திருந்த முதல் நோட்டில் மஞ்சள் பிரதி மங்கத் தொடங்கிவிட்டது. படம் எடுத்து வைக்கலாம் என்றால், கைபேசிப் படங்கள் தாமாகவே இணையச் சேமிப்புக்குப் போய்விடும், அதனால் செய்வதில்லை. ஒருவரின் பழைய குறிப்பைத் தேட வேண்டுமென்றால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான்.

வரிசை எண் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பக்கம் காணாமல் போனால் உடனே தெரியும். தவறாக எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு, படிக்கும்படியே விட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும் என்பது பழைய விதி. செயலியில் நான் எத்தனையோ முறை சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறேன். இங்கே வெள்ளைத் தாள் கைமாறியபின் மாற்றவே முடியாது. நினைவு வந்ததைப் புதுப் பக்கத்தில், 'தாமதப் பதிவு' என்று போட்டுத்தான் எழுத வேண்டும்.

மருத்துவமனையில் குழுவாக வேலை செய்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். அங்கே எல்லோருக்கும் ஒரே பதிவு இருப்பதுதான் நல்லது. வீடு வீடாகத் தனியாகப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். தொலைபேசி ஆலோசனைக்கும் உதவும், 'நேரில் பார்க்கவில்லை, கேட்டது மட்டும்' என்று முதல் வரியில் எழுத மறக்காதீர்கள். மூன்றாவது நோட்டுக்குச் சொல்லிவிட்டேன். இந்த முறை அட்டையைக் கழன்றுவிடாமல் நோட்டின் முதுகோடு சேர்த்துத் தைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.