இணையச் சேமிப்புச் சேவை ஒன்று: கோப்புகள் பத்திரம், பில்தான் குழப்பம்

புகைப்படங்களையும் அலுவல் ஆவணங்களையும் இணையத்தில் சேமித்து வைக்கும் சந்தாச் சேவை ஒன்றை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். கோப்புகள் விரைவாக ஏறுகின்றன. இதுவரை ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. தவறுதலாக அழித்தவற்றையும் எளிதில் மீட்டுக்கொள்ள முடிகிறது. தரத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவு போதும். இந்தச் சேவை பணம் வசூலிக்கும் முறையைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளரிடம் கட்டணம் கேட்பது எப்படி என்பதற்குப் பல நாடுகள் சட்டம் இயற்றியிருக்கின்றன. அவற்றைப் படித்த பிறகுதான், எனக்கு நேர்ந்ததற்கு என் கவனக்குறைவு மட்டுமே காரணம் அல்ல என்பது புரிந்தது.

சந்தா சேரும்போது முதல் பக்கத்தில் ஒரு தொகையும், பணம் செலுத்தும் பக்கத்தில் அதைவிடக் கூடிய ஒரு தொகையும் இருந்தன. இடையில் ‘செயலாக்கக் கட்டணம்’ ஒன்று சேர்ந்திருந்தது. அதைத் தவிர்க்க வழியே இல்லை என்றால் அதுவும் விலையின் ஒரு பகுதிதான். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பிரிட்டனில் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2025 ஏப்ரல் 6 முதல் இத்தகைய படிப்படியான விலையேற்றத்துக்குத் தடை இருக்கிறது. அமெரிக்காவில் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த இதையொத்த விதி, நேரடி நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுகளுக்கும் குறுகிய காலத் தங்குமிடங்களுக்கும் மட்டுமே பொருந்துகிறது. சந்தாச் சேவைகளை அதில் சேர்க்காதது பெருங்குறை என்பது என் கருத்து.

இதைவிட என்னை வருத்தியது, அதே பக்கத்தின் அடியில் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருந்த ஒரு சிறு கட்டம். ‘கூடுதல் பாதுகாப்பு’ என்ற பெயரில் மாதந்தோறும் தனிக்கட்டணம் பிடிப்பதற்கான சம்மதம் அது. நான் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டதைச் சம்மதமாகக் கொள்வது நியாயமே அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை ஆணை இதைத் தெளிவாகச் சொல்கிறது: முதன்மை விலைக்கு மேல் வாங்கும் எந்தத் தொகைக்கும் வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும்; அவர் விலக்கினால்தான் நீங்கும் என்று முன்கூட்டியே டிக் செய்து வைத்து வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. பணம் செலுத்தும் கடமை உண்டாகிறது என்பதை ஆர்டர் பொத்தானிலேயே எழுத வேண்டும், எழுதாவிட்டால் அந்த ஒப்பந்தம் வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது என்றும் அந்த ஆணை கூறுகிறது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் வாடிக்கையாளரை ஏமாற்றும் இணைய வடிவமைப்பு உத்திகளான ‘டார்க் பேட்டர்ன்’களில் 13 வகைகளைப் பட்டியலிடுகின்றன, வாங்குபவர் அறியாமல் கூடையில் பொருள் சேர்ப்பது அவற்றுள் ஒன்று.

இலவசச் சோதனைக் காலத்துக்கே அட்டை எண்ணைக் கேட்டதும், அந்தக் காலம் முடிந்த அன்றே முன்னறிவிப்பு ஏதுமின்றிப் பணம் எடுத்ததும் அடுத்த குறை. இலவசச் சந்தாவுக்குத் தானியங்கிப் பற்றுக்கான அனுமதியைக் கட்டாயப்படுத்துவதை அதே இந்திய வழிகாட்டுதல்கள் ‘சந்தாப் பொறி’ என்கின்றன. அட்டையிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் தொகைகளுக்கு, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே அட்டை வழங்கிய வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்த ஒரு நாள் அவகாசம் எனக்குக் கிடைத்திருந்தால் இந்தப் பிணக்கே எழுந்திருக்காது.

ரசீது மின்னஞ்சலில் ஒழுங்காக வந்துவிடுகிறது. ஆனால் அதில் சந்தா, கூடுதல் பாதுகாப்பு, வரி மூன்றும் ஒரே வரியில் ஒரே தொகையாக இருக்கின்றன. எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத ரசீதை வைத்து எந்தத் தொகையை மறுப்பது என்றே தெரியவில்லை. பிணக்கு என்று வந்தால் காலக்கெடுதான் முக்கியம். அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டு நியாயமான கடன் பில்லிங் சட்டப்படி, கிரெடிட் கார்டு பில்லில் பிழை இருந்தால், அது இடம்பெற்ற முதல் பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அட்டை நிறுவனம் 30 நாட்களுக்குள் கடிதத்தைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, அதிகபட்சம் 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விசாரணை முடியும்வரை பிணக்கில் உள்ள தொகையை வாடிக்கையாளர் கட்டாமல் நிறுத்தி வைக்கலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த ஆறுதல் அளித்தது.

என் புகாருக்கு வாடிக்கையாளர் சேவைப் பிரிவினர் மரியாதையாகவே பதில் எழுதினார்கள். மூன்று கடிதங்களுக்குப் பிறகு கூடுதல் பாதுகாப்புக் கட்டணம் முழுவதும் திரும்பி வந்தது. ஆனால் நேற்று புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கிப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் டிக் அப்படியே இருக்கிறது. சேமிப்பு வசதிக்காக இதில் சேர விரும்புவோர் ஆண்டுச் சந்தாவைத் தவிர்த்து மாதச் சந்தாவை எடுங்கள். பணம் செலுத்துவதற்கு முன் கடைசிப் பக்கத்தை அடிவரை படியுங்கள். அதைப் படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பணம் திரும்பக் கிடைத்தது அப்படியொரு படம் கையில் இருந்ததால்தான்.