டிஎன்ஸ்பை: சோர்ஸ் இல்லாத டிஎல்எல்லுக்குள் ஒரு பிரேக்பாயின்ட்

13ஆம் தேதி காலையில் எங்கள் பில்லிங் இறக்குமதி நின்றுபோனது. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் ‘கோப்பு செல்லாது’ என்ற ஒரே பதில். கோளாறு, வெளியில் வாங்கிய ஒரு டிஎல்எல்லுக்குள் (மற்ற புரோகிராம்கள் அழைத்துப் பயன்படுத்தும் கம்பைல் செய்த கோப்பு). சோர்ஸ் கோடும் இல்லை, பிழை தேட உதவும் பெயர், வரி விவரங்கள் கொண்ட பிடிபி கோப்பும் இல்லை.

அன்றைக்குக் கைகொடுத்தது டிஎன்ஸ்பை. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்துக்கு எழுதிய டிஎல்எல்லை இழுத்துப் போட்டால் சி ஷார்ப் கோடாக விரித்துக் காட்டும். படிக்க மட்டும் என்றால் ஐஎல்ஸ்பை என்ற இதேபோன்ற கருவியே போதும். டிஎன்ஸ்பைக்குள் இருக்கும் டீகம்பைலரும் (கம்பைல் செய்ததைத் திரும்பக் கோடாக்கும் பகுதி) அதனுடையதுதான். ஆனால் விரிந்த கோடிலேயே எஃப்9 தட்டி, புரோகிராமை அந்த வரியில் நிறுத்தும் பிரேக்பாயின்ட் வைத்து வரிவரியாக நகர முடிகிறதே, அதற்காகத்தான் இதை விடமாட்டேன்.

முதலில் ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸில் டிஎன்ஸ்பையை அட்டாச் செய்தேன். பாதி வேரியபிள்களின் மதிப்பு தெரியவில்லை. ஓடும்போதே கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் ஜிட் கம்பைலர் ஏற்கெனவே அதை வேகத்துக்காக ஆப்டிமைஸ் செய்து முடித்திருந்தது. அப்புறம் டீபக் அமைப்புகளில் ஜிட் ஆப்டிமைசேஷனைத் தடுக்கும் தேர்வைச் சரிபார்த்துவிட்டு, புரோகிராமை டிஎன்ஸ்பையிலிருந்தே எஃப்5 கொடுத்துத் தொடங்கினேன். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

ட்ரை பிளாக்குக்குள் ஒரே வரி: எழுத்தைத் தேதியாக மாற்றும் டேட்டைம் பார்ஸ், எந்த நாட்டுத் தேதி முறை என்று சொல்லும் கல்ச்சர் எதுவும் கொடுக்காமல். உள்ளே வந்த மதிப்பு 13/06/2023. புதிய சர்வரோ அமெரிக்க அமைப்பில் இருந்தது. அதற்கு 13 என்பது மாதம். பிழையைப் பிடிக்கும் கேட்ச் பிளாக் உண்மையான எக்ஸெப்ஷனை (பிழைத் தகவலை) விழுங்கிவிட்டு ‘கோப்பு செல்லாது’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. வயிற்றைக் கலக்கியது வேறு: சர்வர் மாறிய 1ஆம் தேதியிலிருந்து 12 வரை வந்த பில்கள் நாளும் மாதமும் இடம்மாறி, சத்தமில்லாமல் தப்பாக ஏறியிருந்தன. டிஎல்எல்லைத் தொடாமல், அழைக்கும் இடத்தில் கல்ச்சரை இந்திய ஆங்கிலமாக மாற்றினேன். பழைய பில்களைத் திருத்த மூன்று நாள் ஆனது.

விஷுவல் ஸ்டூடியோ 2019இன் 16.5 பதிப்பிலிருந்து ஏற்றப்பட்ட டிஎல்எல்களைப் பட்டியலிடும் மாட்யூல்ஸ் விண்டோவிலேயே டீகம்பைல் வசதி உண்டு. எனக்கு டிஎன்ஸ்பைதான் வேகமாகக் கை வருகிறது.

குறைகளும் உண்டு. பிடிபி இல்லாவிட்டால் லோக்கல் வேரியபிள்களின் அசல் பெயர் கிடைக்காது. அப்ஃபஸ்கேட் செய்த (வேண்டுமென்றே புரியாதபடி குழப்பிய) டிஎல்எல் என்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். டிஎன்ஸ்பையின் மூல ரெப்போ (கோடு சேமிப்பிடம்) 2020 டிசம்பரோடு மூடப்பட்டுவிட்டது. இப்போது இறக்க வேண்டியது அதன் தொடர்ச்சியான டிஎன்ஸ்பை-இஎக்ஸ், அதுவும் அதன் கிட்ஹப் பக்கத்திலிருந்து மட்டும். 2022இல் டிஎன்ஸ்பை பெயரில் போலித் தளம் வைத்து மால்வேர் பரப்பினார்கள். அப்புறம், டிஎல்எல்லின் லைசென்ஸ் இதற்கு அனுமதிக்கிறதா என்று முதலிலேயே படித்துவிடுங்கள்.