நாய் இருக்கும் வீட்டுக்கு எந்தத் தரை: டைல்ஸா, ரெட் ஆக்சைடா, ஆத்தங்குடியா?

எங்கள் பிரௌனி லாப்ரடார். ஒன்பது வயது. நாங்கள் வாடகைக்கு இருந்த ஃபிளாட்டில் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ். ஒரு நாள்தான் கவனித்தேன், அவன் ஹாலிலிருந்து சமையலறைக்கு நேராக வருவதில்லை. வாசல் மிதியடியிலிருந்து சோஃபா முன்னால் கிடக்கும் விரிப்புக்கு, அங்கிருந்து ஃபிரிட்ஜ் பக்கத்தில் போட்டிருந்த சாக்குக்கு என்று தாவித் தாவி வந்தான். நடுவில் வெறும் டைல்ஸில் கால் வைக்க வேண்டிய இரண்டு மூன்று அடியை, உடம்பைத் தாழ்த்தி, நகத்தை ஊன்றி, கிரீச் கிரீச்சென்று கீறிக்கொண்டே கடந்தான். எழுந்திருக்கும்போது பின்னங்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விலகிப் போகும். அப்படியே மறுபடி உட்கார்ந்துவிடுவான்.

அதே பிரௌனி, ஊரில் அம்மா வீட்டுச் சிவப்புத் தரையில் இறங்கினால் வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரை ஒரே ஓட்டம். வயதாகிவிட்டது, கால் வலி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி தரையின் குற்றம். சொந்த வீடு கட்டத் தொடங்கியபோது, தரையை மட்டும் அவன் காலை வைத்துத்தான் முடிவு செய்வது என்று உறுதியாக இருந்தேன். அதற்காகப் பார்த்ததும் விசாரித்ததும்தான் இது.

முதலில் அந்தக் கால் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் நல்லது. நாய் நம்மைப் போலக் குதிகால் ஊன்றி நடப்பதில்லை, விரல்களில் நடக்கிறது. மண்ணில் நகம் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். டைல்ஸில் இறங்க இடம் கிடையாது, விரலடியில் இருக்கும் மெத்தைதான் பிடிக்க வேண்டும். நகம் நீண்டிருந்தால் அந்த மெத்தை தரையில் சரியாகப் படாது. விரலிடுக்கில் முடி வளர்ந்திருந்தால் அதுவே வழுக்கும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாகவே வரக்கூடியது. வழுக்கும் தரை அந்த மூட்டைத் தினமும் இழுத்துப் பார்க்கிறது.

இந்தக் கணக்கில் பாலிஷ் செய்த விட்ரிஃபைடு டைல்ஸ் கடைசி இடம்தான். கடைக்காரர்கள் முதலில் காட்டுவது அதைத்தான், துடைக்க எளிது என்பார்கள். அது உண்மை. விட்ரிஃபைடு தண்ணீரை அரை சதவீதம் கூட உறிஞ்சாது, நாய் சிறுநீர் போனாலும் உள்ளே இறங்காது. ஆனால் அந்த நல்ல குணம் பாலிஷில் இல்லை, டைல்ஸின் உடம்பில் இருக்கிறது. அதே விட்ரிஃபைடு பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷில் கிடைக்கிறது. உறிஞ்சாத தன்மை அப்படியே இருக்கும், வழுக்கல் மட்டும் குறையும். வழுக்காமைக்கு ஆர்9 முதல் ஆர்13 வரை ஒரு தர எண் உண்டு, எண் கூடக் கூடப் பிடிப்பு அதிகம். எல்லாக் கடையிலும் அதைச் சொல்லமாட்டார்கள். எனவே நான் ஒன்று செய்தேன். பிடித்த ஒவ்வொரு வகை டைல்ஸிலும் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து, தரையில் வைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, வெறுங்காலால் தள்ளிப் பார்த்தேன். கால் சறுக்கினால் அது வேண்டாம். நான்கு டைல்ஸில் இரண்டு அங்கேயே கழிந்தன.

அதற்காகப் பார்க்கிங் டைல்ஸை ஹாலில் போட்டுவிடாதீர்கள். சொரசொரப்பு அதிகமானால் முடியும் அழுக்கும் அதில் தங்கிவிடும், மாப் நூல் சிக்கிக் கிழியும்.

டைல்ஸில் இன்னொரு இடத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: ஜாயின்ட். டைல்ஸ் உறிஞ்சாது, சரி. இரண்டு டைல்ஸுக்கு நடுவில் அடைக்கும் ஒயிட் சிமென்ட் உறிஞ்சும். சிறுநீர் அதில் இறங்கிக் காய்ந்து தங்கி, காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் மறுபடி வாடை கிளப்பும். மழை நாளில் மட்டும் நாய் வீடு நாறுகிறது என்று சொல்வார்களே, அதற்கு இது ஒரு காரணம். அதற்குப் பதில் எபாக்ஸி கிரௌட் என்ற பிசின் அடைப்பைப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. விலை கூடுதல், காய்வதற்குள் துடைத்தெடுக்க வேண்டும் என்பதால் வேலையாட்களுக்கு அது பிடிப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

ரெட் ஆக்சைடு எனக்கு மனசுக்கு நெருக்கமான தரை. சிமென்டோடு ஆக்சைடு பொடி கலந்து, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. ஜாயின்டே கிடையாது என்பதால் ஓரத்தில் எதுவும் தங்காது. வெயில் காலத்தில் நாய் வயிற்றைப் பரப்பிப் படுக்க அதைவிடச் சுகமான இடம் இல்லை. அம்மா வீட்டுத் தரை நாற்பது வருஷம் கால் பட்டுத் தேய்ந்தது, அதில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கிறது. பிரௌனிக்குப் பிடிப்பு கிடைப்பது அதனால்தான். புதிதாகப் போட்டு மெழுகு தேய்த்த ஆக்சைடு ஈரத்தில் நன்றாகவே வழுக்கும். அதை இழைத்துப் போடத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது இப்போது பெரும்பாடு, தெரியாதவர் போட்டால் விரிசல் விடும். விரிசல் விட்டால் சிறுநீர் இறங்க வழி வந்துவிட்டது.

ஆத்தங்குடி டைல்ஸ் காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்வது. கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து வண்ணக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளையில் சுடுவது கிடையாது. நடக்க நடக்க மெருகு ஏறும். ஆனால் அது சிமென்ட்தான், அமிலம் ஆகாது. என் சிநேகிதி வீட்டில் ராத்திரி நாய் போன சிறுநீரைக் காலையில்தான் பார்த்திருக்கிறார்கள். வாடை போகட்டும் என்று வேலைக்கு வருகிற அக்கா பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டார். பூ வடிவத்தில் பாதி வெளுத்துச் சொரசொரவென்று ஆகிவிட்டது. சிறுநீர் விட்ட கறையை விட ஆசிட் விட்ட காயம்தான் பெரிது. குட்டி நாய் பழகும் வரை அந்தத் தரை கூடத்துக்கு வேண்டாம் என்பேன். பூஜை அறைக்குப் போடலாம்.

கடப்பா கல், கோட்டா கல் இரண்டும் சுண்ணாம்புக்கல் வகை. அமிலம், வினிகர், எலுமிச்சைச் சாறு எதுவும் அதற்கும் ஆகாது. பாலிஷ் போடாமல் விட்டால் பிடிப்பு அருமை, விலையும் குறைவு. கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது கடப்பாதான். கிரானைட் அமிலத்துக்கு அவ்வளவாக அசையாது, ஆனால் பாலிஷ் கிரானைட் விட்ரிஃபைடு போலவே வழுக்கும். தோல் போலச் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும் லெதர் ஃபினிஷ் வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். மரம் மாதிரி தெரியும் லேமினேட் வேண்டவே வேண்டாம், இடுக்கில் ஈரம் இறங்கினால் ஊதிக்கொள்ளும்.

எந்தத் தரையானாலும் துடைக்கும் பொருளில் கவனம் வேண்டும். எங்கள் வீட்டில் பூனையும் உண்டு. ஃபீனால் கலந்த பினாயிலைப் பூனையின் ஈரலால் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். அமோனியா கலந்தவை சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால் நாய் அதே இடத்தில் மறுபடி போகலாம். பழைய துணியால் ஒற்றியெடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு சிறுநீரைச் சிதைக்கும் என்சைம் கிளீனர் தெளித்துக் கொஞ்ச நேரம் ஊறவிடுவதுதான் எங்கள் வழக்கம்.

வாடகை வீட்டில் தரையை மாற்ற முடியாதவர்களுக்கு: அடியில் ரப்பர் வைத்த நீளமான விரிப்புகளை அவன் நடக்கும் வழியில் போடுங்கள். கோரைப்பாய் வேண்டாம், பாயே நாயோடு சேர்ந்து வழுக்கும். நகத்தை வெட்டி, விரலிடுக்கு முடியைக் குறையுங்கள். நடக்கும்போது டக் டக்கென்று சத்தம் கேட்டால் நகம் வெட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எங்கள் புது வீட்டில் ஹாலுக்கும் அறைகளுக்கும் எபாக்ஸி அடைத்த மேட் விட்ரிஃபைடு. அம்மா வந்து பார்த்துவிட்டு, தரை மங்கலாக இருக்கிறதே என்றாள். பிரௌனி அவளைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போனான். ஃபிளாட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிதியடிகளில் வாசலுக்கு ஒன்றை மட்டும் எடுத்தோம். மற்றவை இன்னும் பரணில்தான் கிடக்கின்றன.