மத்தியா, அயிலையா? கூடலூர், ஊட்டி சந்தையில் அளவு பார்த்து வாங்க

மத்தி (சாளை), அயிலை (கானாங்கெளுத்தி) மீன்கள் இரண்டும் மேற்குக் கடற்கரையிலிருந்து மலையேறி வருபவை. விலையை மட்டும் பார்த்தால் மத்தி முந்தும். குஞ்சு எது, வளர்ந்தது எது என்று தெரிந்தால் கணக்கு மாறும்.

முதிர்ச்சி (முட்டையிடும் பருவம்)
மத்தி: சுமார் 15 செ.மீ., ஏறக்குறைய ஒரு வயதில்.
அயிலை: சுமார் 18 செ.மீ.; முதல் வருடத்திலேயே விறுவிறுவென வளர்ந்துவிடும்.

கேரளத்தில் பிடிக்க அனுமதித்த குறைந்தபட்ச அளவு மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. சட்டப்படி சரியான மீனும் ஒருமுறைகூட முட்டையிடாத மீனாக இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். அளக்க ஸ்கேல் வேண்டாம்: பெரியவர் கையின் ஒரு சாண் ஏறத்தாழ 20 செ.மீ. அயிலை சாணை நெருங்க வேண்டும். மத்தி முக்கால் சாண் இருந்தால் போதும். எடையிலும் தெரியும். கிலோவுக்கு 25 மத்தி என்றால் நல்ல அளவு. 50 ஏறினால் குஞ்சு. அயிலை 10, 12 நிற்க வேண்டும்.

கொழுப்பு
மத்தி: மழைக்காலத்தில் முட்டையிட்டு மெலியும், அதன்பின் மிதவை உயிரிகளைத் தின்று கொழுக்கும். அக்டோபர், நவம்பரில் வாங்கினால் சட்டியில் எண்ணெய் குறைவாக ஊற்றலாம்.
அயிலை: இவ்வளவு ஏற்ற இறக்கம் கிடையாது.

தாங்குதல்
மத்தி: இரை நிறைந்த வயிறு சீக்கிரம் வெடிக்கும். வயிறு கிழிந்ததை ஒதுக்குங்கள்.
அயிலை: சதை கெட்டி. ஆனால் ஐஸ் விட்டுப்போனால் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருள் சேரும்; சமைத்தாலும் அது போகாது. ஊட்டிக் குளிரை நம்பி வெளியே வைக்காதீர்கள்.

அன்றைக்கே குழம்பு, கையில் காசு குறைவு: மத்தி. முள்ளுக்குப் பயப்படும் பிள்ளைகள், மறுநாள் வறுவல்: அயிலை.