‘ஆசிட் ஃப்ரீ’ ஸ்டிக்கரை நம்பி மவுண்ட் போர்டு வாங்காதீர்கள்

வீட்டிலேயே மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும், நடுவே ஜன்னல்போல் வெட்டிய அட்டை) வெட்டி ஃபோட்டோவுக்கு ஃப்ரேம் போடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டு போர்டு வாங்குங்கள். குறிப்பாக, நெகட்டிவ் இல்லாத பழைய பிரிண்ட் வைத்திருப்பவர்கள்.

எங்கள் பெரியப்பா வீட்டு இருட்டறையில் தானே பிரிண்ட் போட்ட கருப்பு வெள்ளைப் படங்கள் சில என்னிடம் இருக்கின்றன. தேர்த் திருவிழா, ஊர்க் குளம், பாட்டி ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுவது. நெகட்டிவ்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிட்டன. மிச்சம் இந்தத் தாள்கள்தான். பல ஃப்ரேம் கடைகளில் படத்தைப் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டி, கண்ணாடியை நேரே அதன்மேல் வைத்து ஆணி அடித்துக் கொடுக்கிறார்கள். சென்னை ஈரத்தில் படத்தின் மேற்பூச்சான ஜெலட்டின் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பிரிக்கப் போனால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி தருவதுதான் மவுண்ட் செய்யும் பெரிய வேலை. அழகு அப்புறம்தான். அதனால் நானே வெட்டுவது என்று முடிவு செய்தேன்.

போர்டை ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். ‘மியூசியம் தரம், 100% காட்டன், ஆசிட் ஃப்ரீ, 4 பிளை’ (நாலு அடுக்கு) என்று விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். சாதாரண போர்டைப் போலப் பல மடங்கு விலை. வாங்குவதற்கு முன்பே போன் செய்து, மேல்தாள் மட்டும் காட்டனா, உள்ளேயும் காட்டனா என்று கேட்டேன். “உள்ளே வெளியே எல்லாம் ஒரே மெட்டீரியல் சார், நூறு வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது” என்றார்.

போர்டு வந்ததும் 45 டிகிரி கட்டரில் புது பிளேடு போட்டு ஜன்னல் வெட்டினேன். சாய்வு வெட்டை லென்ஸில் பார்த்தால் மேலே மெல்லிய தாள், நடுவே வேறு மாதிரி ஒரு சதை, அடியில் இன்னொரு தாள். முழுக்கப் பருத்தி என்றால் குறுக்கே வெட்டினால் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன். “நாலு பிளையை ஒட்டித்தானே சார் போர்டு செய்யறாங்க, அதான் அப்படித் தெரியுது” என்று பதில். 4 பிளை போர்டு அப்படி ஒட்டிச் செய்வது உண்மைதான் என்பதால் அந்தப் பதில் எடுபட்டது. உண்மையோடு கலந்து சொல்லும் பொய்யைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அவர் தெரிந்தேதான் அப்படிச் சொன்னார் என்பது இப்போது என் முடிவு.

ஒரு மழைக்காலம் போனது. வெள்ளையாக இருந்த சாய்வு விளிம்பு டீக்கறை நிறத்துக்கு வந்துவிட்டது. ஃப்ரேமைப் பிரித்து மவுண்ட்டைத் தூக்கினால், பாட்டி படத்தில் ஜன்னல் விளிம்பு படிந்த இடம் நெடுக, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஒரு பழுப்புக் கோடு. மேல்பக்கம் மெலிதாக, கீழ்ப்பக்கம் அழுத்தமாக. ஆட்டுக்கல்லின் அடிப்பாகத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது அது.

பி.எச். பேனா ஒன்றை வாங்கி, ஜன்னல் வெட்டியபோது விழுந்த நடுத்துண்டில் கோடு போட்டுப் பார்த்தேன். இந்தப் பேனா மையில் குளோரோஃபீனால் ரெட் என்ற சாயம் இருக்கிறது. அமிலம் இல்லாத தாளில் ஊதாவாகும், அமிலம் இருந்தால் மஞ்சளாகவே நிற்கும். மேல்தாளில் நல்ல ஊதா. சாய்வு வெட்டில், அந்த நடுச் சதையில், மஞ்சள். மேல்தாளில் மட்டும் அமிலத்தை முறிக்கும் காரமான கால்சியம் கார்பனேட் சேர்த்துவிட்டு, உள்ளே சாதாரண மரக்கூழை வைத்திருக்கிறார்கள். மரக்கூழில் இருக்கும் லிக்னின்தான் செய்தித்தாளை மஞ்சளாக்குவது. வெளுத்து வைத்தால் புதிதில் வெள்ளையாகத்தான் தெரியும். காற்றும் வெளிச்சமும் ஈரமும் பட்டதும் அமிலம் கிளம்பும். வெட்டிய விளிம்பில்தான் அந்தச் சதை திறந்து கிடக்கிறது. அது உட்காருவதோ படத்தின் மேலேயே.

போன் செய்தேன். முதலில் “எல்லா ஃபோட்டோவும் வருஷமானா மஞ்சளாகத்தான் சார் செய்யும்”. கோடு ஏன் மவுண்ட் ஓரத்தில் மட்டும் இருக்கிறது என்று கேட்டதும், “ஃபோட்டோவுக்குன்னு நாங்க எங்க சார் சொன்னோம்?” அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி கூப்பன் தருவதாக ஒரு மெசேஜ். சில நாளில் விற்பனைப் பக்கத்தில் ‘100% காட்டன்’ என்பது ‘காட்டன் ஃபினிஷ்’ ஆகியிருந்தது. பழைய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் பில்லும் என்னிடம் இருந்ததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். போர்டுக்குக் கொடுத்த பணம் திரும்பி வந்தது. படத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. பழைய படங்களைச் சீர்செய்யும் ஒருவரிடம் காட்டினேன். கழுவிப் பார்க்கலாம், கோடு முழுக்கப் போகும் என்று வாக்குத் தர முடியாது என்கிறார்.

‘ஆசிட் ஃப்ரீ’ என்றால் போர்டு தயாரான அன்று அதில் அமிலம் இல்லை என்பதற்கு மேல் பொருள் கிடையாது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, நடுச் சதை பருத்தியா, லிக்னின் நீக்கிய கூழா என்பது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஃபோட்டோவுக்கு என்று விற்றால் ஐ.எஸ்.ஓ. 18916 சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். தாளும் பசையும் பட்டால் படம் கெடுமா என்று பார்க்கும் சோதனை அது. நல்ல தயாரிப்பாளர்கள் தயங்காமல் சொல்வார்கள். ‘எல்லா ஃபோட்டோவுக்கும் ஏற்றது’ என்ற பேச்சையும் நம்பாதீர்கள். கால்சியம் கார்பனேட் சேர்த்த போர்டு கருப்பு வெள்ளைப் படத்துக்குச் சரி, ஆனால் சயனோடைப் என்ற நீலநிறப் பிரிண்ட்டின் நீலம் காரத்தில் வெளுத்துப்போகும்.

மொத்தமாக வாங்கும் முன் ஒரு ஷீட் மட்டும் வாங்கி வெட்டி, விழும் துண்டின் சாய்வில் பேனாவைப் போடுங்கள். படத்தில் பேனா படவே கூடாது. இன்னொரு துண்டைப் பாதி மூடி, வெயில் விழும் ஜன்னலில் சில வாரம் போட்டு வையுங்கள். மூடாத பாதி மஞ்சளானால் அந்த போர்டு வேண்டாம்.

அதே விற்பனையாளர், பல வருடம் கெடாத ‘ஆர்க்கைவல் டேப்’ என்று ஒரு சுருளை இலவசமாகக் கொடுத்தார், சாதாரண மாஸ்கிங் டேப். படத்தில் எந்த டேப்பையும் ஒட்டாதீர்கள். நாலு மூலைக்கும் நல்ல தாளில் பை மடித்துச் செருகலாம், அல்லது ஜப்பானியத் தாளையும் கோதுமை மாப்பசையையும் வைத்து மேல்பக்கம் மட்டும் தொங்கவிடலாம். பின்பக்கமும் ஹார்ட்போர்டு நேராகப் படாமல், மவுண்ட் போர்டின் தரத்திலேயே ஒரு அட்டை இருக்கட்டும்.

ஏற்கெனவே இப்படி வாங்கிப் போட்டவர்கள் இந்த வாரமே ஃப்ரேமைப் பிரித்துப் பாருங்கள். கண்ணாடி கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்து, பின் அட்டையை எடுத்து, படத்தையும் மவுண்ட்டையும் சேர்த்தே தூக்குங்கள். எங்காவது கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம், கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். விளிம்பு நிறம் மாறியிருந்தால் படம் எடுத்து, பில்லோடு வையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது.