முழங்கால் தேய்மானம்: நடையா, யோகாவா, தொடைப் பயிற்சியா?

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் என்று தெரிந்ததும், வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நடக்கச் சொன்னார் ஒருவர். நடந்தால் இன்னும் தேயும் என்று பயமுறுத்தினார் இன்னொருவர். யோகாவில் சேர்த்துவிடச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. எல்லாவற்றையும் அம்மா செய்து பார்த்துவிட்டார், கூடவே நானும் இருந்தேன்.

நடையைப் பற்றிய பயம் வேண்டாம். மூட்டில் உள்ள குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு அமுங்கி விரியும்போதுதான் அதற்கு ஊட்டம் போய்ச் சேர்கிறது. அளவுதான் முக்கியம். முதல் நாள் உற்சாகத்தில் 40 நிமிடம் நடந்த அம்மா, மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம் என்று குறைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. மறுநாள் காலையிலும் வலி கூடுதலாக இருந்தால், முந்தைய நாள் செய்தது அதிகம் என்று பொருள்.

யோகா உடலின் இறுக்கத்தைத் தளர்த்தும், மனதுக்கும் இதம். ஆனால் அம்மா போன வகுப்பில் எல்லோரையும் வஜ்ராசனத்தில் உட்கார வைத்தார்கள். தேய்ந்த முழங்காலை அந்த அளவுக்கு மடக்கி, அதன்மேல் உடல் எடையையும் ஏற்றுவது கொடுமை. எனக்கு இன்றும் அதில் கோபம் உண்டு. நாற்காலியில் அமர்ந்து செய்யும் ஆசனங்கள் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனத்து உடற்பயிற்சியான தாய்ச்சியையும் (Tai Chi) சொல்ல வேண்டும். பாஸ்டனில் முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், 12 வாரத் தாய்ச்சி இயன்முறை சிகிச்சைக்கு இணையான பலன் தந்தது. அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் முழங்காலுக்குத் தாய்ச்சியை உறுதியாகவும், யோகாவை நிபந்தனையோடும் பரிந்துரைக்கிறது. எங்கள் ஊரில் கற்றுத்தர ஆள் கிடைக்கவில்லை.

என் முதல் ஓட்டு தொடைத் தசைப் பயிற்சிக்கே. வலிக்கிறதே என்று காலை அசைக்காமல் வைத்திருந்தால் தொடையின் முன்பக்கத் தசை மெலிகிறது. அது தாங்க வேண்டிய சுமையும் மூட்டின் தலையில் விழுகிறது. அதனால் வலி கூடுகிறது, அசைவு இன்னும் குறைகிறது. நடையோ ஆசனமோ இந்தத் தசையை இவ்வளவு நேராகப் போய்த் தொடுவதில்லை. கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 எண்ணும் வரை பிடிக்க வேண்டும். தொடைமேல் கை வைத்தால் தசை கல்லாக இறுகுவது தெரியும். மெல்ல விட்டு, மீண்டும் அழுத்த வேண்டும், ஒரு காலுக்கு 10 முறை. சலிப்பூட்டும் வேலைதான், பலனும் உடனே தெரியாது. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ எந்தப் பயிற்சியும் வேண்டாம், முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆறாவது வாரம் அம்மா நாற்காலியின் கைப்பிடியை ஊன்றாமல் எழுந்தார். அவர் அதைக் கவனிக்கவில்லை. நான்தான் பார்த்தேன்.